முதல் கதாபாத்திரத்தை உருவாக்குவது எப்படி? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கான செய்முறை

மேசையைச் சுற்றி அமர்ந்து கதையையும் பகடையையும் கலந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு முதன்முறையாக வருபவரை மிரளவைப்பது அரக்கர்களோ டிராகன்களோ அல்ல, கையில் கொடுக்கப்படும் கதாபாத்திரத் தாள்தான். விண்ணப்பப் படிவம் போலக் கட்டம் கட்டமாக இருக்கும் அந்தத் தாளில் நிரப்ப வேண்டிய எண்கள் நாற்பதுக்கும் மேல். ஆனால் அவற்றில் நீங்களாக முடிவு செய்ய வேண்டியவை ஆறே ஆறுதான். மற்றவை அந்த ஆறிலிருந்தும், கிளாஸ் (கதாபாத்திரத்தின் தொழில்), இனம், பின்னணி ஆகிய மூன்று தேர்வுகளிலிருந்தும் வெறும் கூட்டல் கழித்தலாகப் பிறப்பவை. எந்த எண் எதிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் தாள் தன்னால் நிரம்பும்.

தொடங்குவதற்கு முன், உங்கள் குழு எந்தப் பதிப்பில் ஆடுகிறது என்று ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த இந்த ஆட்டம் பல பதிப்புகளைக் கண்டுவிட்டது. நான் இங்கே விளக்குவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை. 2024-இல் வந்த திருத்தத்தில், முன்பு இனத்தோடு சேர்ந்து வந்த பண்பெண் (வலிமை, அறிவு போன்ற பண்புகளை அளக்கும் எண்) கூடுதல் பின்னணிக்கு மாற்றப்பட்டது. ஒருவர் பழைய விதியிலும் மற்றவர் புதிய விதியிலும் தாளை நிரப்பிக்கொண்டு வந்தால் முதல் மாலை முழுவதும் திருத்துவதிலேயே போய்விடும். தேவையான பொருள்கள் குறைவு: ஒரு தாள், பென்சில், அழிப்பான், ஒரு பகடைத் தொகுப்பு. பேனாவைத் தொடாதீர்கள்.

படி 1: ஆளை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்

எண்களுக்குப் போகும் முன், உங்கள் கதாபாத்திரம் யார், எதில் கெட்டிக்காரர், ஏன் பத்திரமான வாழ்க்கையை விட்டு ஆபத்தான பயணத்துக்குக் கிளம்பினார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் நாம் உருவாக்கப்போகும் பெண்ணின் பெயர் வல்லி. “கப்பலின் பாய்மரக் கயிறுகளில் ஏறி வளர்ந்தவள், பூட்டிய பெட்டி எதையும் திறந்து பார்க்காமல் விடாதவள், அப்படித் திறந்த ஒரு பெட்டியால் கப்பலை விட்டே ஓட நேர்ந்தவள்.” இவ்வளவு போதும். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். அதை டஞ்சன் மாஸ்டரிடம் விட்டுவைத்தால், என்றைக்காவது ஒருநாள் அவர் அதைக் கதைக்குள் கொண்டுவருவார்.

நான் முதன்முதலில் உருவாக்கிய கதாபாத்திரத்துக்கு ஆறு பக்கத்தில் குடும்ப வரலாறு எழுதிக்கொண்டு போனேன். மேசையில் அதை யாரும் படிக்கவில்லை. மூன்றாவது அமர்வில் அந்த ஆள் ஒரு குழிக்குள் விழுந்து இறந்தும் போனார்.

படி 2: கிளாஸைத் தேர்ந்தெடுங்கள்

கிளாஸ் என்பது கதாபாத்திரத்தின் தொழில், பயிற்சி, சண்டையிடும் முறை எல்லாம் சேர்ந்தது. அடிப்படை விதிநூலில் 12 கிளாஸ்கள் உள்ளன. ஆயுதத்தை நம்பும் ஃபைட்டர், பார்பேரியன் போன்றவை ஒரு பக்கம், மந்திரத்தையே நம்பும் விசார்ட், சார்சரர் போன்றவை மறுபக்கம், இரண்டையும் கலந்தவை நடுவில் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இப்போதைக்குப் போதும்.

முதல் ஆட்டத்துக்கு ஃபைட்டரோ, பதுங்கலும் பூட்டுத் திறப்பும் கைவந்த ரோகோ எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. விசார்ட் எடுப்பவர் முதல் நிலையிலேயே (அனுபவம் கூடக்கூடக் கதாபாத்திரத்தின் நிலை உயரும்) ஆறு மந்திரங்கள் கொண்ட ஏட்டையும், அவற்றில் எவற்றை இன்று தயாராக வைத்திருப்பது, எத்தனை முறை பயன்படுத்தலாம் என்ற கணக்கையும் தூக்கிச் சுமக்க வேண்டும். விதிகளையே இப்போதுதான் கற்கும் ஒருவருக்கு அது வீண் பாரம். பூட்டுத் திறக்கும் வல்லிக்கு ரோக் இயல்பாகப் பொருந்துகிறது. முடிவு செய்யும் முன் மற்ற ஆட்டக்காரர்கள் என்ன எடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். நான்கு ரோக்குகள் மட்டுமே கொண்ட குழு பூட்டை எல்லாம் திறந்துவிடும், ஆனால் காயத்துக்கு மருந்து போட ஆள் இருக்காது.

படி 3: இனம்

மனிதர், எல்ஃப், டுவார்ஃப், ஹாஃப்லிங் போன்ற இனங்கள் ஒவ்வொன்றும் சில பண்பெண்களைக் கூட்டி, சில தனித்திறன்களையும் தருகின்றன. வல்லியை லைட்ஃபுட் ஹாஃப்லிங் ஆக்குவோம். உயரம் மூன்றடி, நடை வேகம் ஒரு சுற்றுக்கு 25 அடி. லாவகத்தில் 2, ஆளுமையில் 1 கூடும். தாக்கும்போதோ, ஒரு செயலை முயலும்போதோ, ஆபத்திலிருந்து தப்பப் பார்க்கும்போதோ இருபது பக்கப் பகடையில் 1 விழுந்தால் அதை மறுபடி உருட்டிக்கொள்ளலாம் என்பது இந்த இனத்துக்கே உரிய அதிர்ஷ்டம். புதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

படி 4: ஆறு பண்பெண்கள்

எல்லாம் தொடங்குவது இங்கேதான், ஆகவே நிதானமாகச் செய்யுங்கள். தாளில் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா என்று இருப்பவற்றை முறையே உடல் வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், ஆளுமை என்று புரிந்துகொள்ளலாம். அறிவுக்கும் விவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பலரும் தடுமாறுவார்கள். பழைய கல்வெட்டின் எழுத்து எந்தக் காலத்தது என்று சொல்வது அறிவு. அதைக் காட்டிக்கொண்டு நிற்பவன் பொய் சொல்கிறான் என்று உணர்வது விவேகம்.

எண்களைப் பெற மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஆறு பக்கப் பகடைகள் நான்கை உருட்டி, மிகச் சிறியதை விலக்கி, மற்ற மூன்றைக் கூட்டுவது. இப்படி ஆறு முறை. இரண்டாவது, 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த வரிசையை எடுத்து விருப்பப்படி பங்கிடுவது. மூன்றாவது, 27 புள்ளிகளைச் செலவழித்து எண்களை வாங்குவது. இதில் 8 இலவசம். 13 வரை ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒரு புள்ளி. 14-க்கு மொத்தம் 7, 15-க்கு மொத்தம் 9. ஆயத்த வரிசையின் விலையைக் கூட்டிப் பார்த்தால் சரியாக 27 வரும். அதாவது இரண்டாவது வழி, மூன்றாவதன் ஒரு தயார்நிலை வடிவமே. பகடை உருட்டுவது சுவாரசியம்தான், ஆனால் ஒருவருக்கு எல்லாம் பதினாறும் பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் ஒன்பதுமாக விழுந்துவிட்டால் பல மாதங்களுக்கு அந்தக் குறை ஆறாது. புதியவர்கள் ஆயத்த வரிசையை எடுங்கள்.

வல்லிக்கு இப்படிப் பங்கிடுவோம்: லாவகம் 15, தாங்குதிறன் 14, ஆளுமை 13, விவேகம் 12, அறிவு 10, உடல் வலிமை 8. இனத்தின் கூடுதலைச் சேர்த்தால் லாவகம் 17, ஆளுமை 14 ஆகும்.

ஆட்டத்தில் பெரும்பாலும் இந்த எண்களை நேரடியாகப் பயன்படுத்த மாட்டோம். எண்ணிலிருந்து பத்தைக் கழித்து, பாதியாக்கி, கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் வருவதே உண்மையில் பயன்படும் மாற்றெண். இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு சேர்ப்பது இதைத்தான். 17-க்கு +3, 14-க்கு +2, 12-க்கு +1, 10-க்கு 0, 8-க்கு -1. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: 16-க்கும் 17-க்கும் மாற்றெண் ஒன்றேதான். ஒற்றைப்படை எண்ணில் அந்தக் கடைசிப் புள்ளி இப்போதைக்குத் தூங்குகிறது. அதனால்தான் 13-இல் இருந்த ஆளுமை இனத்தின் ஒரு புள்ளியால் 14-க்கு ஏறியபோது நமக்கு உண்மையான லாபம் கிடைத்தது. 17-இல் நிற்கும் லாவகமோ, நான்காம் நிலையில் பண்பெண்ணைக் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

படி 5: பின்னணி

சாகசத்துக்கு வருவதற்கு முன் கதாபாத்திரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதே பின்னணி. இது இரண்டு திறன்களில் தேர்ச்சியையும் சில பொருள்களையும் தரும். வல்லி மாலுமி, ஆகவே உடற்திறமை, கூர்நோக்கு ஆகிய இரண்டும் வருகின்றன. ரோக் என்பதால் இன்னும் நான்கு திறன்களைத் தேர்ந்தெடுக்கலாம்: மறைந்து செல்லல், கைவித்தை, உடல்வளைவு, ஏமாற்றுதல். பின்னணி ஏற்கெனவே தந்த திறனைக் கிளாஸ் பட்டியலில் மறுபடி எடுத்து வீணாக்காதீர்கள்.

படி 6: மற்ற எண்கள் எல்லாம்

இனி முடிவுகள் கிடையாது, கணக்கு மட்டும்தான். முதல் நிலையில் எல்லோருக்கும் தேர்ச்சி எண் +2. பயிற்சி பெற்ற திறனென்றால் பண்பின் மாற்றெண்ணோடு இதைக் கூட்ட வேண்டும், பயிற்சி இல்லையென்றால் மாற்றெண் மட்டும். வல்லியின் கூர்நோக்கு விவேகத்தைச் சார்ந்தது. 1 கூட்டல் 2, ஆக +3. ரோக்குகளுக்கு இரண்டு தேர்ச்சிகளில் தேர்ச்சி எண் இரட்டிப்பாகும். அதில் ஒன்றாக மறைந்து செல்லலையும் மற்றொன்றாகப் பூட்டுத் திறக்கும் கருவிகளையும் எடுத்தால், இரண்டுக்கும் 3 கூட்டல் 4, ஆக +7.

உடற்திறமையைப் பாருங்கள். உடல் வலிமையின் -1 இருந்தும், மாலுமிப் பயிற்சியின் +2 சேர்ந்து மொத்தம் +1 ஆகிறது. தசையில்லாத குட்டிப் பெண், ஆனால் கயிறேறுவதில் சராசரி ஆளைவிட ஒரு படி மேல். முதல் படியில் எழுதிய வாக்கியம் இப்போது எண்ணாகவும் நிற்கிறது. உங்கள் தாளில் இப்படிப் பொருந்தாத இடம் தென்பட்டால் எண்ணை மாற்றுங்கள், அல்லது வாக்கியத்தை மாற்றுங்கள்.

உயிர்ப்புள்ளி: முதல் நிலையில் கிளாஸுக்குரிய பகடையின் உச்ச எண்ணோடு தாங்குதிறன் மாற்றெண்ணைக் கூட்ட வேண்டும். ரோக்கின் பகடை எட்டுப் பக்கம், ஆகவே 8 கூட்டல் 2, மொத்தம் 10. ஒப்பிட்டுப் பார்க்க, ஃபைட்டருக்கு அடிப்படை 10, பார்பேரியனுக்கு 12, விசார்டுக்கு 6. தற்காப்பு எண்: தோல் கவசத்துக்கு 11, அதோடு லாவக மாற்றெண் 3, மொத்தம் 14. எதிரி தன் தாக்குதலில் இந்த எண்ணையோ அதற்கு மேலோ எட்டினால்தான் வல்லிக்கு அடி விழும். சண்டையில் முந்தும் எண் லாவக மாற்றெண்ணே, அதாவது +3.

தாக்குதல்: ரேப்பியர் என்ற மெல்லிய வாளை வலிமைக்குப் பதிலாக லாவகத்தாலும் வீசலாம். ஆகவே லாவகத்தின் 3, தேர்ச்சி எண் 2 சேர்ந்து தாக்க +5, பட்டால் எட்டுப் பக்கப் பகடையோடு 3 கூட்டிச் சேதம். எதிரிக்குப் பக்கத்தில் கூட்டாளி ஒருவர் நின்று அவனைத் தாக்க முடிகிற நிலையில் இருந்தால், ஒருவர் ஆடும் முறை ஒன்றுக்கு ஒருதடவை, இன்னொரு ஆறு பக்கப் பகடையின் சேதமும் சேரும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு ஆடினாலே ரோக் பாதி கைவந்துவிடும்.

படி 7: குணமும் பொருள்களும்

தாளின் ஓரத்தில் குணாம்சம், இலட்சியம், பற்று, குறை என்று நான்கு கட்டங்கள் இருக்கும். பற்றையும் குறையையும் மட்டும் கவனமாக எழுதுங்கள். அமர்வு தோறும் பயன்படப்போவது அவைதான். வல்லியின் பற்று, தன் தப்பிப்புக்கு உதவிய சமையல்காரக் கிழவர். குறை, பூட்டைக் கண்டால் பொறுக்காத கை. “யாரையும் நம்பமாட்டேன்” என்பதைக் குறையாக எழுதாதீர்கள். நான்கு பேர் கூடி ஆடும் ஆட்டத்தில் அது மற்ற மூவரின் பொறுமையைத்தான் சோதிக்கும். பொருள்களுக்குக் கிளாஸும் பின்னணியும் தரும் பட்டியலை அப்படியே எழுதிவிடலாம். கடைப்பட்டியலைப் புரட்டுவது பிறகு.

கடைசியாகத் தாளை டஞ்சன் மாஸ்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். புதியவர்களின் தாளில் நான் அடிக்கடி பார்ப்பவை இரண்டு தவறுகள். ஒன்று, மாற்றெண்ணுக்குப் பதிலாகப் பண்பெண்ணையே கூட்டிவிடுவது. தாக்குதல் +19 என்று யாராவது அறிவித்தால் காரணம் இதுதான். மற்றொன்று, தேர்ச்சி எண்ணைச் சேதத்திலும் சேர்த்துவிடுவது. அது தாக்குதலுக்கு உண்டு, சேதத்துக்குக் கிடையாது. இவ்விரண்டும் சரியாக இருந்தால் வல்லி கப்பலை விட்டுக் குதிக்கலாம்.