கல்லூரிக் கணக்கைப் பத்தாம் வகுப்பிலேயே போடுவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் பெண் பிறந்த கையோடு சீர் சாமான் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எவர்சில்வர் வாளியிலிருந்து வெள்ளிக் குத்துவிளக்கு வரை ஒவ்வொன்றாகப் பரணுக்கு ஏறும். அதே வீட்டில் கல்லூரிச் செலவைப் பற்றிப் பேச்சு எழுவது பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில்தான். ஆனால் கல்லூரிக்கு எவ்வளவு கட்டப்போகிறோம் என்பதில் பாதி, பிளஸ் ஒன் சேர்க்கையன்றே முடிவாகிவிடுகிறது.

படி 1: பள்ளியை மாற்றுமுன் கணக்குப் பாருங்கள்

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்துவிட்டால், "இனி பெரிய ஸ்கூல்ல போடுங்க" என்று நான்கு பேர் சொல்வார்கள். டி.சி. வாங்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். அதோடு மாதம் 1,000 ரூபாய், பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில்.

கடைசி இரண்டு வருடத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வளவும் போய்விடும். இரண்டு வருட பள்ளிக் கட்டணமும் மேலே ஏறும். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

படி 2: குரூப்பை முடிவிலிருந்து பின்னோக்கி எடுங்கள்

முதலில் பிள்ளைக்கு எந்தப் படிப்பில் நாட்டம் என்று கேளுங்கள், பிறகு குரூப். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். மருத்துவத்துக்கான நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல். முடிவெடுக்க முடியாத பிள்ளைக்குக் கணிதம்-உயிரியல் குரூப் இரண்டு வழியையும் திறந்து வைக்கும். சுமை அதிகம், அதையும் சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான் கட்-ஆஃப். கணிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்ட வேண்டும். கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178, மொத்தம் 200க்கு. கணிதத்தில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃபில் ஒன்று கூடும். மற்ற இரண்டில் அரைதான். டியூஷனுக்குக் காசு கட்டுவதென்றால் எதற்கு முதலில் என்பது இதிலேயே தெரியும்.

பேரேடும் ஐந்தொகையும் எழுதி பர்மா, மலாயா வரை தொழில் செய்த ஊர் இது. இங்கே வந்து காமர்ஸை "மார்க் குறைஞ்சவங்க குரூப்" என்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. சி.ஏ., அதாவது ஆடிட்டர் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் அதன் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வை எழுதலாம்.

படி 3: ஊருக்குள் இருப்பதை முதலில் பாருங்கள்

பல படிப்புகளில் கட்டணத்தைவிட விடுதிச் செலவுதான் கையைக் கடிக்கும். வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 1947-ல் தொடங்கிய கலைக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. அவர் பெயரிலேயே அரசுப் பொறியியல் கல்லூரியும் அங்கே இருக்கிறது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்ததால் ஊருக்கு வந்த சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் பி.டெக். உண்டு. கோட்டையூரிலிருந்தோ பள்ளத்தூரிலிருந்தோ போய்வரும் பெண்ணுக்குச் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது.

ஒரு நோட்டில் கல்லூரிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, லேப்டாப் என எழுதி, முதல் வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று அல்லது நான்கு வருடத்துக்கும் கூட்டுங்கள்.

படி 4: சான்றிதழ்கள்

சாதி, வருமானம், இருப்பிடம் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் நேரத்தில் கூட்டம் அள்ளும், முன்பே வாங்குங்கள். வருமானச் சான்று மட்டும் காலாவதியாகும், தேதி பாருங்கள். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்காத வீடென்றால் முதல் பட்டதாரி சான்று அவசியம். அந்தக் கட்டணச் சலுகை கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்குத்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்லை.

படி 5: பணம்

ஒன்பதாம் வகுப்பு ஜூனில் வங்கியில் மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால் 48 மாதத்தில் அசல் மட்டுமே 96,000. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பத்தாம் வகுப்பு முடித்தபின் மேற்படிப்புக்கு அதில் பாதி வரை எடுக்க முடியும்.

மிச்சத்துக்கு நகையை அடகு வைப்பதுதான் நம்மூர் வழக்கம். அதற்கு முன் கல்விக்கடன் கேட்டுப் பாருங்கள். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை நம் பங்காக ஏதும் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். முடிந்தால் படிக்கும்போதே அந்த வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள்.