கைலென்ஸை எப்படிப் பிடிப்பது?

ஜியாலஜி முதலாம் ஆண்டில் சேர்ந்ததும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். பலரும் அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள், ஒன்றும் புலப்படாது. லென்ஸைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, கல்லை மெல்ல அதன் பக்கம் கொண்டு வாருங்கள். சுமார் 2.5 செ.மீ. தூரத்தில் படிகங்கள் பளிச்சென்று தெரியும். வெளிச்சம் கல்லின் மேல் விழ வேண்டும்.

அதைவிட முக்கியம், புதிதாக உடைந்த முகத்தைப் பார்ப்பது. பல்லாவரத்துச் சார்னோகைட் என்ற கருங்கல் வகை வெளியே வெயில் மழையில் பழுப்பேறிக் கிடக்கும். அதன் எண்ணெய்ப் பளபளப்பும் நீலச் சாயலும் உடைந்த பக்கத்தில்தான் தெரியும். (பரங்கிமலையில் உள்ள இதே வகைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அங்கே சுத்தியலை எடுக்கவே கூடாது.)

அரியலூர்ப் பக்கம் போனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வேண்டும். ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். சுண்ணாம்புக்கல்லைப் போலவே இருக்கும் டோலமைட் என்ற கல்லைப் பொடியாக்கி அமிலம் விட்டால்தான் நன்றாக நுரைக்கும்.

அப்புறம், போர்வெல் போடும்போது மேலே வரும் கற்சில்லுகளையும் இப்படியே பாருங்கள். துரு படிந்த சில்லு வந்தால், விரிசல் வழியாகத் தண்ணீர் ஓடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த ஆழத்தை அப்போதே நோட்டில் குறித்துவிடுங்கள்.