முன்சக்கர இழுவைக் காருக்கு ஸ்டேபிலைசர் பார்: எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர்

பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் சாலையில் மைவி, சிட்டி, வியோஸ் என்று எதை ஓட்டினாலும் குறை ஒன்றுதான். வளைவில் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்புகிறீர்கள். காரின் மூக்கு உள்ளே வராமல் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. இதைத்தான் அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் காரின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன் டயர்கள் மேல் விழுகிறது. காரை இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு டயர்கள்தான். பின் டயர்கள் சும்மா உருண்டு வருகின்றன.

ஸ்டேபிலைசர் பார், ஸ்வே பார், ஆன்டி-ரோல் பார் மூன்றும் ஒரே பொருள். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும், முறுக்கினால் எதிர்க்கும் ஸ்பிரிங் கம்பி. அப்சார்பர் தலைகளுக்கு நடுவே போடும் ஸ்ட்ரட் பாரும், அடியில் போடும் லோவர் பாரும் வேறு சாமான்கள். அவை பாடி நெளிவதைக் குறைக்குமே தவிர, கார் சாய்வதைக் குறைக்காது. கடையில் எல்லாவற்றையும் ஒரே செட்டாக விற்பார்கள். அண்டர்ஸ்டியர் குறைய வேண்டுமென்றால் அந்த செட்டில் உங்களுக்குத் தேவை ஒன்றே ஒன்று: பின்பக்க ஸ்டேபிலைசர்.

ஏன் பின்பக்கம்? வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. மொத்தம் எவ்வளவு மாறும் என்பதைக் காரின் உயரமும் அகலமும் வேகமும் தீர்மானிக்கின்றன. பார் அதை மாற்றாது. அதில் முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்ற பங்கை மட்டும்தான் பார் மாற்றும். ஓர் அச்சில் எடை ஒரு டயர் மேல் அதிகமாகக் குவியக் குவிய, அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும். பின் பாரைக் கெட்டியாக்கினால் பின் அச்சு கூடுதல் பங்கை எடுத்துக்கொள்ளும், முன் டயர்களின் பாரம் முன்பைவிடச் சமமாகும், மூக்கு உள்ளே வரும். உண்மையில் நாம் செய்வது பின்பக்கப் பிடிப்பில் கொஞ்சத்தை விற்று முன்பக்கத்துக்கு வாங்குவது. இதை மறக்க வேண்டாம். மழையில் இதற்கு வட்டி கட்ட வேண்டிவரும்.

முன் பாரைத் தடித்ததாக மாற்றினால் கார் நிமிர்ந்து நிற்கும், ஆனால் பெரும்பாலும் அண்டர்ஸ்டியர் கூடும். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்க முன் டயர் எடையிழந்து வெறுமனே சுற்றவும் தொடங்கும். விதிவிலக்கு உண்டு. மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) கார்கள் அதிகம் சாயும்போது முன் டயரின் கேம்பர், அதாவது நிற்கும் சாய்வு, கெட்டு அதன் வெளி ஓரம் தேயும். அப்படிப்பட்ட காரில் முன் பார் உதவலாம். அதுவும் பின் பார் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

வாங்குவதற்கு முன் பழையதைப் பாருங்கள். டயர் காற்று டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவில் இருக்கிறதா? அலைன்மென்ட் சரியா? அப்சார்பர் எண்ணெய் கசிகிறதா? அடுத்து, நம் ஊரில் பலரும் ‘அப்சார்பர் லிங்க்’ என்று சொல்லும் ஸ்டேபிலைசர் லிங்க், பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குட்டைக் கம்பி. கார் தரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது லிங்கைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று கை விரலுக்கே தெரிந்தால் பால் ஜாயின்ட் போய்விட்டது. ஒரு பக்கம் தூக்கிய கார் பாரை முறுக்கி வைத்திருக்கும், அப்போது தேய்ந்த லிங்கும் இறுக்கமாகத்தான் தோன்றும். ஆட்டமுள்ள லிங்கில் எத்தனை தடித்த பார் போட்டாலும், அந்த ஆட்டம் தீரும் வரை பார் வேலையே செய்யாது. லிங்கும், பாரைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பரான பார் புஷ்ஷும் மாற்றியதிலேயே கார் திருந்திவிட்டால் மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

அடுத்து காருக்கு அடியில் குனியுங்கள். மைவி, சிட்டி, ஜாஸ், வியோஸ் எல்லாம் பின்னால் டோர்ஷன் பீம். சக்கரங்களைத் தாங்கும் இரண்டு பக்கக் கைகளையும் இணைக்கும் அந்தக் குறுக்குச் சட்டமே முறுக்கத்தை எதிர்ப்பதால் அதுவே ஒரு ஸ்டேபிலைசர்தான். சில பீம்களின் பள்ளத்துக்குள் மெல்லிய கம்பி ஒன்று பற்றவைத்தும் இருக்கும். இப்படிப்பட்ட கார்களுக்கு வரும் பார், இரண்டு கைகளையும் இணைத்து பீமுக்குத் துணையாக போல்ட்டில் நிற்கும். லிங்க் கிடையாது, பெரும்பாலும் புஷ்ஷும் கிடையாது. சிவிக், பழைய வீரா போன்ற மல்டி-லிங்க் (ஒவ்வொரு பின் சக்கரத்தையும் பல கைகள் தனித்தனியே தாங்கும்) கார்களில்தான் தனிப் பார், சட்டத்தில் இரண்டு டி வடிவப் புஷ், முனைகளில் இரண்டு லிங்க் என்ற அமைப்பைப் பார்ப்பீர்கள்.

தடிமன் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாரின் கெட்டித்தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 14 மி.மீ. கம்பியை 16 ஆக்கினால், பார்வைக்கு 2 மி.மீ. வித்தியாசம், ஆனால் பார் ஏறத்தாழ 70 விழுக்காடு கெட்டி. 16-லிருந்து 19-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 14-லிருந்து நேராக 19-க்குத் தாவினால் மூன்று மடங்குக்கும் மேல். தெருவில் ஓட்டும் காருக்கு ஒரு படி போதும், அதாவது இருப்பதைவிட 2 மி.மீ. அதிகம், மிஞ்சினால் 3. ‘பெரிசா போட்டாத்தான் தெரியும்’ என்று சொல்லும் கடைக்காரர் மழையில் உங்களோடு உட்கார்ந்து வரப்போவதில்லை.

பழைய பாரை வெர்னியரால் அளக்கும்போது துருவையும் பெயின்ட்டையும் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு, வளைவில்லாத நேர்ப்பகுதியில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளவெடுங்கள். பெயின்ட்டோடு அளந்தால் அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும், அந்தப் பொய் அளவுக்கு வாங்கிய புஷ் தொளதொளக்கும். புது பார் குழாயாக இருந்தால் வெளிவிட்டத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். வெளியே 22, உள்ளே 16 மி.மீ. உள்ள குழாய், 20 மி.மீ. சொச்சம் திடக் கம்பிக்குச் சமம். எடையோ பாதிக்குச் சற்று மேல்தான். குழாயில் சுவர்த் தடிமன் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் திடக் கம்பியே மேல்.

முனையில் இரண்டு மூன்று ஓட்டைகள் உள்ள அட்ஜஸ்டபிள் பார் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடைசி ஓட்டை மென்மை. உள்ளே வர வர பாரின் கை குட்டையாகி பார் கெட்டியாகும். கை நீளம் 200 மி.மீ.-லிருந்து 180 ஆனால் கெட்டித்தன்மை ஏறத்தாழ 23 விழுக்காடு ஏறும். முதலில் இரு பக்கமும் கடைசி ஓட்டையில் மாட்டுங்கள்.

ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்களின் சாமான்) கடையில் கிடைக்கும் பழைய ஜப்பான் பாரும் நல்ல தேர்வுதான். சிமெண்ட் தரையில் உங்கள் பாரைப் பக்கத்தில் வைத்து வளைவுகளை ஒப்பிடுங்கள். நகம் மாட்டும் அளவுக்குத் துருக் குழி இருந்தால் வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். புஷ்ஷை மட்டும் பழையதோடு வாங்காதீர்கள்.

மாட்டும்போது இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்தே தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் முறுக்கிய பார், லிங்க் போல்ட்டை உருவும் நொடியில் கையில் அடிக்கும். லிங்க் நட் சுற்றும்போது உள்ளே பால் ஜாயின்ட் ஊசியும் சேர்ந்து சுற்றும். அதன் நுனியிலுள்ள அறுகோணக் குழியில் அல்லன் சாவியைச் செருகிப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் 14 அல்லது 17 ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைக்காவிட்டால் குழி வழுக்கிப்போய் லிங்கை அறுக்கத்தான் வேண்டிவரும். ஆகவே புது லிங்க் ஒரு ஜோடி கையிலிருக்கட்டும்.

பாலியூரிதேன் புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். பிராக்கெட்டை இறுக்கிய பிறகு, லிங்க் மாட்டாத நிலையில் பாரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் பலம் கொடுத்தால் அசைய வேண்டும். அசையவே இல்லையென்றால் புஷ் அளவு சின்னது. ரப்பர் கண் உள்ள லிங்க் என்றால் இறுதி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும்போது செய்யுங்கள். டார்க் அளவுக்கு, அதாவது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு, அந்தக் காரின் மேனுவல்தான் சாட்சி. தாழ்த்திய காரில் பழைய லிங்க் தேவைக்கு மேல் நீளமாகிவிடும்; அளவு மாற்றக்கூடிய லிங்க் போட்டு, பாரின் கைக்கும் லிங்குக்கும் இடையே ஏறத்தாழ 90 பாகைக் கோணம் வரும்படி சரிசெய்யுங்கள்.

டோர்ஷன் பீம் பாரில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிள், ஏ.பி.எஸ். வயர், எக்ஸாஸ்ட் மூன்றுக்கும் இடைவெளி பாருங்கள். காலியான காரில் இடைவெளி இருக்கும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் தட்டும். மூன்று பேரை உட்கார வைத்தே பாருங்கள். கிளாம்ப் உராய்ந்து பெயின்ட் போன இடத்தில் துரு தடுப்பு அடியுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

சோதனைக்கு ஒரே ரவுண்டபவுட், ஒரே டயர் காற்று, சட்ட வேகம். பார் மாற்றும் முன்பும் பின்பும் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள். இன்னும் வேகம் வேண்டுமானால் சிப்பாங் கார் பந்தயத் தளம் இருக்கிறது. காராக் நெடுஞ்சாலையின் இறக்கம் அதற்கான இடம் இல்லை. வளைவு நடுவில் பயந்து எண்ணெய் மிதியிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் வெளியே சுழலப் பார்க்கும். கெட்டிப் பார் போட்ட காரில் இது சீக்கிரமே நடக்கும், நனைந்த சாலையில் இன்னும் சீக்கிரம். பின் டயர்கள் முன் டயர்களைவிடத் தேய்ந்தவையாக இருக்கவே கூடாது. மழையில் பின்பக்கம் நெளிந்தால் உடனே ஒரு ஓட்டை மென்மைக்கு இறங்குங்கள்.

தாமான் சாலையில் குறுக்கே முழுசாகக் கிடக்கும் பம்ப்பில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறுவதால் பார் எதுவும் செய்யாது. ஒரு சக்கரம் மட்டும் குழியிலோ சாக்கடை மூடியிலோ விழும்போது முன்பைவிடக் கடினமாக அடிக்கும். அது கோளாறு இல்லை. பம்ப்பில் மெதுவாக ஏறும்போது ‘கிரீச்’ என்றால் புஷ்ஷில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. வீட்டு வாசலில் கோணலாக ஏறும்போது ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் லிங்க் நட்டையும் பிராக்கெட் போல்ட்டையும் பாருங்கள். இரண்டும் இறுக்கமாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால் பார் பக்கவாட்டில் நகர்கிறது. புஷ்ஷை ஒட்டி இருபுறமும் ஸ்டாப்பர் வளையம் போட வேண்டும்.