வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையையும் திறனையும் கணக்கிடும் முறை

ஒரு மின்சாதனத்துக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் அதன் வழியே பாயும் மின்னோட்டமும் தெரிந்துவிட்டால், அதன் மின்தடையை ஒரு வகுத்தலிலும், அது எடுத்துக்கொள்ளும் திறனை ஒரு பெருக்கலிலும் கண்டுவிடலாம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது ஓம். பெருக்கினால் வருவது வாட். முதல் கணக்கு, ஜெர்மானிய இயற்பியலாளர் கியோர்க் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதியிலிருந்து வருகிறது. மில்லிஆம்பியரில் வரும் அளவை ஆம்பியராக மாற்றிக்கொண்டால் போதும், கணக்கில் வேறு சிக்கல் இல்லை. பிழை நேர்வதெல்லாம் பெரும்பாலும் அளப்பதில்தான். ஆகவே, சாதனம் இயங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே இரண்டு அளவுகளையும் அடுத்தடுத்து எடுக்க வேண்டும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பழகுவதற்கு வீட்டு மின்சாரம் வேண்டாம். இருசக்கர வாகனத்தின் 12 வோல்ட் பேட்டரியும், இண்டிகேட்டரில் போடும் 10 வாட் இழை பல்பும், வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் போதும். மீட்டரை நேர்மின்னோட்ட (DC) வோல்ட் அளவில் வைத்து, பல்பு எரியும்போது அதன் இரு முனைகளையும் மீட்டர் முனைகளால் தொட்டு மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியரை அவ்வாறு அளக்க முடியாது. சுற்றை ஓரிடத்தில் பிரித்து, மின்னோட்டம் முழுவதும் மீட்டருக்குள் புகுந்து வெளிவரும்படி தொடராக இணைக்க வேண்டும். அதற்காகச் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகுவோம். அளந்து முடித்தவுடன் அதை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் வயர் இருக்கும்போதே பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால், மீட்டர் வெறும் கம்பியைப் போல் நடந்துகொண்டு குறுக்குச்சுற்றை ஏற்படுத்திவிடும்.

மீட்டர் 12.2 வோல்ட்டும் 0.84 ஆம்பியரும் காட்டினால், மின்தடை ஏறத்தாழ 14.5 ஓம், திறன் சுமார் 10.2 வாட். இப்போது பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து நேரடியாக அளந்து பாருங்கள். 14.5 ஓம் வராது; ஒன்றரை ஓம் அளவுக்கே காட்டும். மீட்டர் பழுதாகிவிட்டதோ என்று பலரும் ஐயுறும் இடம் இது. டங்ஸ்டன் இழையின் மின்தடை சூடேற ஏறப் பத்து மடங்குக்கு மேலும் உயர்கிறது என்பதால், இரண்டு அளவுகளும் அந்தந்த வெப்பநிலையில் சரியானவையே. ஆறிய இழையின் ஒன்றரை ஓமை வைத்து, அதாவது 12.2 வோல்ட்டின் இருமடியை அதனால் வகுத்து, திறனைக் கணக்கிட்டால் 99 வாட் வரும். சுவிட்சைப் போட்ட கணத்தில் பாயும் பெரும் மின்னோட்டத்தின் அளவை அது உணர்த்துகிறது. தேய்ந்துபோன இழை பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே அறுந்துபோவது இதனால்தான்.

அடுத்து, வாளித் தண்ணீரில் போடும் 1500 வாட் ஹீட்டர் கம்பியை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் இதன் மின்தடை 35.3 ஓம் இருக்க வேண்டும். வோல்ட்டின் இருமடியை வாட்டால் வகுத்து இதைப் பெறுகிறோம். இங்கே சுற்றைப் பிரித்து அளப்பது ஆபத்து என்பதால் வயரை வெளியிலிருந்து கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரையே பயன்படுத்த வேண்டும். அதன் தாடைக்குள் பேஸ் வயர் மட்டும் இருக்க வேண்டும்; பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால், எதிரெதிர்த் திசையில் பாயும் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மீட்டர் சுழியத்தையே காட்டும். வயரைத் தனியே பிரித்துத் தரும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

காலையில் 214 வோல்ட்டும் 6.1 ஆம்பியரும், மாலையில் 192 வோல்ட்டும் 5.5 ஆம்பியரும் கிடைத்தன என்று கொள்வோம். மின்தடை இரு வேளையிலும் 35 ஓம்தான். ஹீட்டருக்குள் இருக்கும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பியின் மின்தடை வெப்பத்தால் மிகக் குறைவாகவே மாறும். திறனோ காலையில் 1305 வாட், மாலையில் 1056 வாட். வெப்ப இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், 15 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி செல்சியஸ் உயர்த்தக் காலையில் 28 நிமிடமும் மாலையில் 35 நிமிடமும் ஆகும். இரண்டிலும் செலவாவது ஏறத்தாழ 0.61 யூனிட்தான், வோல்ட் குறைந்தால் கட்டணம் குறையும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. மாலை மின்தடையைக் கணிப்பானில் வருவதுபோல் 34.909 ஓம் என்று எழுதாதீர்கள். 5.5 ஆம்பியர் என்ற அளவில் 0.1 முன்பின் இருக்கலாம் என்னும்போது, 35 ஓம் என்பதே நேர்மையான விடை.

திறனை மின்னோட்டத்தின் இருமடியும் மின்தடையும் பெருக்கியும் பெறலாம். இந்த வடிவம் சாதனத்தைவிட இணைப்புகளைச் சோதிக்கவே மிகவும் உதவுகிறது. தளர்ந்த பிளக் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே 0.2 ஓம் தடை இருந்தால், 6.1 ஆம்பியர் பாயும்போது அந்தச் சிறு தொடுபுள்ளியில் மட்டும் 7.4 வாட் வெப்பம் தேங்கும். சாக்கெட் கறுத்து உருகுவதற்கு அது போதும். பிளக்கைப் பிடுங்கியவுடன் அதன் பின்கள் சுடுகின்றன என்றால், முதலில் சாக்கெட்டை மாற்றுங்கள்.

மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் இந்தக் கணக்கை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அங்கே மாறுமின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்குவதால், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது வோல்ட்-ஆம்பியரே. அதைத் திறன் காரணியால் (power factor, ஒன்றுக்கு மேற்படாத எண்) மேலும் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். வகுத்து வருவதும் சுருளின் மின்தடை அன்று, மின்மறுப்பு (impedance), அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஏற்படும் மொத்த எதிர்ப்பு. சுருளின் தடை தேவையென்றால் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓம் அளவில் அளக்க வேண்டும். கெப்பாசிட்டர் இருந்தால் அதன் மின்னூட்டத்தை இறக்கிய பின்னரே மீட்டரை வைக்க வேண்டும்.