சேற்றுழவு டிராக்டருக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் காலம்

கார் ஓட்டுபவர் கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றுகிறார். டிராக்டருக்கோ எஞ்சின் ஓடிய மணிநேரமே கணக்கு. பொதுவாகப் புது வண்டிக்கு முதல் 50 மணிநேரத்தில் ஒருமுறையும், பிறகு பழைய மாடல்கள் பலவற்றில் 250 மணிநேரத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். அண்மைக்கால மாடல்கள் சிலவற்றில் இந்த இடைவெளி 400 மணிநேரத்தைத் தொடுவதால், வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

அந்த மணிநேரத்தை எப்படி எண்ணுவது என்பதில்தான் சிக்கல். வாடகைக்கு உழுபவர்கள் நோட்டில் குறிப்பது வயலில் உழுத நேரத்தை மட்டுமே. ஊர்விட்டு ஊர் சாலையில் ஓடியதும், வரப்போரம் எஞ்சினை அணைக்காமல் நின்றதும் அதில் சேராது. எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை நம்பலாம் என்றாலும், கேபிளில் ஓடும் பழைய மீட்டர் எஞ்சினின் சுழற்சியைத்தான் எண்ணுகிறது. குறித்த வேகத்தில் ஓடினால் சரியாகவும், மெதுவாக ஓடினால் உண்மை நேரத்தைவிடக் குறைவாகவும் காட்டும். ஆகவே அதிக நேரம் ஐடிலில் நிற்கும் வண்டிக்கு, மீட்டர் சொல்வதற்குச் சற்று முன்பே மாற்றுவது நல்லது.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவைக்கும், அடுத்துச் சம்பா, தாளடிக்கும் கேஜ் வீல் என்ற சேற்றுழவு இரும்புச் சக்கரம் மாட்டி ஓயாமல் ஓடும் வண்டி, அறுவடை முடிந்தபின் கோடையில் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். குறுவைக்கு வண்டியை எடுக்கும்போது ஆயில் மாற்றுவதே பலருடைய வழக்கம். என் கருத்தில், கொட்டகையில் விடுவதற்கு முன் மாற்றுவதே முறை. டீசல் எரிவதால் உண்டாகும் அமிலமும் ஈரமும் பழைய ஆயிலில் தங்கி, நிற்கும் காலமெல்லாம் பேரிங்குகளை அரிக்கும். மணிக்கணக்கு நிறையாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. கரியைப் படியவிடாமல் தன்னுள் சுமப்பது டீசல் ஆயிலின் வேலை என்பதால், புது ஆயிலும் சில மணிநேரத்தில் கறுக்கும். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு ஏறி டீசல் வாடை வந்தால் டீசல் பம்பிலோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலோ கசிவு இருக்கக்கூடும். இவ்விரண்டிலும் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டக் கூடாது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

மாற்றும்போது எஞ்சினைச் சூடேற்றி அணைத்து, சமதளத்தில் நிறுத்தி, முழுவதும் வடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஃபில்டரையும் உடன் மாற்றி, அதன் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும். கையேடு கேட்கும் தரத்தையே ஊற்ற வேண்டும். டப்பாவிலுள்ள ஏபிஐ என்ற தரக் குறியீடு டீசல் ஆயிலுக்கு 'சி' என்ற எழுத்திலும், பெட்ரோலுக்கு 'எஸ்' என்பதிலும் தொடங்கும். பிறகு எஞ்சினை ஓட்டி, ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவைப் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினாலும் கெடுதலே. வைக்கோல் தூசியில் ஓடிய வண்டியானால் ஏர் கிளீனரையும் அன்றே சுத்தம் செய்துவிடலாம்.

வடித்த ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. கரையானுக்கென்று கொட்டகைக் கால்களில் பூசுவது இங்கே பழக்கம். அதையும் தவிர்த்து, வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் ஊற்றாமல், மூடியுள்ள கேனில் பிடித்துப் பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.