வெள்ளத்தில் நின்ற காரா? சாவியைத் திருப்பாதீர்கள்
2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தப்பு. காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கம்பியான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான், செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டியை ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுவார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் அதிலும் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும், பெரும்பாலும் ஒரு தடவை போதாது.

இன்னொன்று: சாதாரண இன்ஷூரன்ஸில் தண்ணீர் புகுந்து இன்ஜினுக்கு வரும் இந்தச் சேதத்துக்குப் பணம் வாங்குவது கஷ்டம். இன்ஜின் சேதத்துக்கான ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள்.