ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் உபுண்டு சர்வரும்

சேலத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் மடிக்கணினி ஒன்றுதான் இருக்கும். பகலில் பிள்ளையின் பாடத்துக்குப் பயன்படும் அதே கணினியில், இரவில் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையின் டேலி கணக்கும் எழுதப்படும். அத்தகைய கணினியில் விண்டோஸ் 11-க்கு எந்தக் குந்தகமும் நேராமல், சர்வர் நிர்வாகம் பழகுவதற்காக, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு சர்வர் 24.04-ஐ உடன் நிறுவும் முறையை இங்கே விளக்குகிறேன். 2024 ஏப்ரலில் வெளியான இந்தப் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதால், படிப்பு முடியும் வரை வேறு பதிப்புக்கு மாற வேண்டியிராது.

இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் இயங்கமாட்டா. விண்டோஸ் ஓடும்போது சர்வர் அணைந்தே இருக்கும். ஆகவே ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவருக்கு, அறைப் பதிவு மென்பொருள் நாள் முழுவதும் ஓட வேண்டுமென்றால் இம்முறை பயன்படாது. பழைய கணினி ஒன்றை அதற்கென்றே ஒதுக்குவதுதான் சரி. சில கட்டளைகளை மட்டும் பழகிப் பார்க்க விரும்புபவருக்கு விண்டோஸின் உள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் போதும். வட்டைப் பிரிப்பது, பூட் லோடர் (கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்), நெட்வொர்க் அட்டை ஆகியவற்றை நேரடியாகக் கையாண்டு கற்க விரும்புவோருக்கும், 8 ஜிபி ரேம் முழுவதையும் சர்வருக்கே கொடுக்க விரும்புவோருக்கும் இரண்டையும் தனித்தனியாகத் தொடங்கும் இந்த இரட்டை பூட் முறை ஏற்றது.

இந்த வேலையில் கவனத்தின் பெரும்பகுதி விண்டோஸ் பக்கத்தில் செய்ய வேண்டிய ஆயத்தங்களுக்கே தேவைப்படுகிறது. முதலில் டேலி கோப்புறை, புகைப்படங்கள், சான்றிதழ் நகல்கள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பு எடுத்து, அந்தக் கோப்புகளில் இரண்டு மூன்றையாவது திறந்து பார்த்துவிட வேண்டும். அடுத்து, வட்டு மறைகுறியாக்கம் (சாவியின்றி வட்டைப் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) இயக்கத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 உள்ள கணினிகள் பலவற்றில் பயனர் கேட்காமலேயே இது இயங்கிக்கொண்டிருக்கும். பூட் அமைப்பில் ஏதேனும் மாறினால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு விண்டோஸ் நின்றுவிடும். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி, ஒருமுறை சரிபார்த்து, கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்க வேண்டும். அது இயங்கும் வரை, நாம் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. தன் மையப்பகுதியின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் (வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதியில்) எதையாவது எழுதினால் கோப்புகள் கெடக்கூடும்.

இனி இடம் ஒதுக்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தில் சி டிரைவின் மீது வலச்சொடுக்கி, ஷ்ரிங்க் வால்யூம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சிக்கு 60 ஜிபி தாராளமாகப் போதும். அங்கே எண்ணை எம்பியில் கேட்பதால் 61440 என்று தர வேண்டும். காலி இடம் நிறைய இருந்தும் கொஞ்சமே குறைக்க முடியும் என்று காட்டினால், நகர்த்த முடியாத கோப்புகள் இடையில் கிடக்கின்றன என்று பொருள். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் ரெஸ்டோர் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். கிடைத்த இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காமல், ஒதுக்கப்படாத இடமாகவே விட்டுவிடுங்கள்.

நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். மலைமேல் எஸ்டேட் பகுதியில் வீடு உள்ளவர்கள், அலைபேசி சிக்னலை நம்பாமல், சேலத்துக்கு இறங்கும்போதே பதிவிறக்கிக்கொள்வது நல்லது. ரூஃபஸ் மென்பொருளில் ஜிபிடி (வட்டின் பகுதி அட்டவணை முறை), யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் முறை) ஆகிய இரண்டையும் தேர்ந்தெடுத்து நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவிலிருந்து தொடங்குவதற்கான விசை டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை, உபுண்டு அதனோடு ஒத்துப்போகும்.

நிறுவலைத் தொடங்கும் நாள், உங்கள் பகுதித் துணை மின்நிலையத்தின் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளாக இருக்க வேண்டாம். பேட்டரி நிறைந்திருந்தாலும் சார்ஜரை இணைத்தே வையுங்கள். இணையத்துக்கு லேன் கேபிள் சிறந்தது. அது இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு அலைபேசியை யூஎஸ்பி டெதரிங் முறையில் இணைக்கலாம். நிறுவல் நிரல் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

வட்டைப் பற்றிக் கேட்கும் திரையில் நிதானம் தேவை. அங்கே முன்கூட்டியே தேர்வாகி இருப்பது முழு வட்டையும் பயன்படுத்தும் வழி. அப்படியே தொடர்ந்தால் விண்டோஸ் அழிந்துபோகும். கஸ்டம் ஸ்டோரேஜ் லேஅவுட் என்பதற்கு மாறுங்கள். அடுத்து வரும் பட்டியலில் விண்டோஸின் பார்ட்டிஷன்களும், நாம் விட்டுவைத்த 60 ஜிபி காலி இடமும் தெரியும். முதலில் வட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து அதை பூட் சாதனமாகக் குறியுங்கள். பூட் கோப்புகளுக்காக ஏற்கெனவே உள்ள சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை நிறுவல் நிரல் அழிக்காமல் பகிர்ந்துகொள்ளும். பிறகு காலி இடத்தில் ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஒரே ஒரு பார்ட்டிஷனைச் சேர்த்து, அதை ரூட்டாக (உபுண்டு முழுவதும் அமரும் இடமாக) அமையுங்கள். சுருக்கப் பட்டியலில் ரூட்டுக்கு எதிரே மட்டும் புதியது என்ற குறிப்பும், இஎஃப்ஐக்கு எதிரே ஏற்கெனவே உள்ளது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அப்படி இல்லையெனில் ரீசெட் கொடுத்து மறுபடி தொடங்குங்கள். தரவு அழியும் என்ற சிவப்பு எச்சரிக்கைக்குச் சம்மதம் தரும் வரை வட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை, ஆகவே அவசரப்படத் தேவையில்லை.

சில கணினிகளில் அந்தப் பட்டியலில் வட்டே தெரியாது. இன்டெலின் விஎம்டி என்ற வட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு இயக்கத்தில் இருப்பது இதற்கு ஒரு காரணம். அதை பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) நேரடியாக அணைத்தால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். எனவே முதலில் விண்டோஸில் சேஃப் பூட் குறியிட்டு, அதன்பின் விஎம்டியை அணைத்து, சேஃப் மோடில் ஒருமுறை தொடங்கிவிட்டு, குறியை நீக்க வேண்டும்.

ஓப்பன் எஸ்எஸ்ஹெச் நிறுவச் சம்மதித்தால், வேறொரு கணினியிலிருந்தோ அலைபேசியிலிருந்தோ சர்வருக்குள் நுழையலாம். மற்ற திரைகளில் யோசிக்க அதிகம் இல்லை.

நிறுவல் முடிந்ததும், உபுண்டுவின் பூட் லோடரான கிரப் காட்டும் பட்டியலில் விண்டோஸ் காணப்படாவிட்டால் பதற வேண்டாம். கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, அப்டேட்-கிரப் கட்டளையைத் தந்தால் விண்டோஸும் பட்டியலில் சேரக்கூடும். ஆனால் குடும்பத்தார் பயன்படுத்தும் கணினி என்றால், பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸையே முதலில் வைத்துவிட்டு, சர்வர் வேண்டும்போது மட்டும் பூட் விசையை அழுத்தி உபுண்டுவைத் தேர்ந்தெடுக்கும் முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். கணக்கு எழுத உட்காரும் அப்பா கறுப்புத் திரையில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிராது.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். கணினியின் வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், சர்வரிலிருந்து திரும்பியபின் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டக்கூடும். அதிகாலையில் கணக்கு எழுதினால் முந்தைய நாள் தேதியே விழுந்துவிடும். சர்வரின் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு, டைம்டேட்சிடிஎல் கட்டளையின் செட்-லோக்கல்-ஆர்டிசி தேர்வுக்கு 1 என்று தந்தால் சரியாகும். இது பரிந்துரைக்கப்படாத முறை என்று சர்வர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை பெரிதும் கோடைகாலத்தில் நேரத்தை மாற்றும் நாடுகளையும் நேர மண்டலம் மாறிச் செல்வோரையும் பற்றியது. வீட்டிலேயே இருக்கும் கணினிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மூடியைச் சாத்தினாலும் சர்வர் உறங்காமல் இருக்க, லாகின்ட் அமைப்புக் கோப்பில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் என்பதற்கு இக்னோர் என்று எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள். மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்கும் வரை சர்வர் ஓடும். நாள்கணக்கில் சார்ஜரிலேயே இருக்குமானால், உற்பத்தியாளர் தரும் 80 சதவீத சார்ஜ் வரம்பை இயக்கிவைப்பது பேட்டரிக்கு நல்லது.

பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் பூட் வரிசை மாறியிருக்கலாம். பயாஸில் சரிசெய்தால் போதும், மறுபடி நிறுவத் தேவையில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, செக்யூர் பூட் இயங்கிய இரட்டை பூட் கணினிகள் சிலவற்றில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் தடுத்தது. அதுபோன்ற நிலையில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உபுண்டுவுக்குள் சென்று, அதன் புதுப்பிப்புகளை நிறுவியபின் மீண்டும் இயக்கிவிடலாம். அப்போது விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்க வாய்ப்புண்டு. காகிதத்தில் எழுதிய 48 இலக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள்.